இடக்கை முடிச்சு

முப்பத்தொரு வருடம் தவராசா கடலுக்குள் வேலி அடைத்தார். பகிடி இல்லை, அதுதான் அவருடைய உத்தியோகம். யேர்மனியின் வடக்கு ஓரத்தில் வீபன்கூக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் வற்றும், இரண்டு தரம் பெருகும். வற்றின நேரம் கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. அந்தச் சேற்றில் இரண்டு வரிசையாக மரக்கட்டைகளை இறக்கி, நடுவிலே சுள்ளிக் கத்தைகளை அமுக்கி, மேலே கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால், பெருகி வருகிற தண்ணீர் அதிலே பட்டு வேகம் குறையும். வேகம் குறைந்தால், தான் அள்ளிக்கொண்டு வந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். இருபது வருடத்தில் அந்த இடத்தில் புல் முளைக்கும். பிறகு ஆடு மேயும். கரையைக் காப்பாற்ற அந்த நாட்டு ஆட்கள் கண்டுபிடித்த வழி அது.

பான் நகரத்திலிருந்து ஒருமுறை பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், கடலைத் தடுக்கக் கரையில் போட்ட மண் அணையில் நின்று இதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஊரிலை பக்கத்து வளவுக்காரனோட வேலிச் சண்டை. இஞ்ச ஆரோட தவராசா, கடலோடயோ?"

"ஓம் அண்ணை. அவர் அரை அடி தள்ளிப் போட்டுட்டார். நான் திருப்பித் தள்ளிறன்" என்றார் தவராசா.

அப்படித்தான் அவர் கதை. குரலை உயர்த்தமாட்டார், முகத்திலும் சிரிப்பு இராது, கேட்கிறவர்தான் சிரிக்க வேண்டும். இருபத்துநான்கு வயதில் அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாத வருடங்களை ஒரு முகாமில் சுவரைப் பார்த்துக்கொண்டு கழித்தவர். அனுமதி கிடைத்தபோது மற்றவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவப் போனார்கள். இவருக்குச் சேறு கிடைத்தது. நல்லதாய்ப் போயிற்று என்று அவரே சொல்வார். சேற்றுக்கு முன்னால் பாஷை தெரியாது என்று யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

அவர் யேர்மனிக்கு வந்து ஆறு வருடம் கழித்துக் குணேஸ்வரி வந்தாள். கலியாணம் ஊன்ட்றொப் அம்பாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவளுக்கு இடக்கை வழக்கம். இடக்கையால் எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று சின்ன வயதில் கையிலே தட்டித் தட்டி வளர்த்திருந்தார்கள். கோயிலில் விபூதி வாங்கப் போகும்போது, இடக்கை தன்பாட்டில் நீண்டுவிடக் கூடாது என்று வலக்கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு கடைசி நேரத்தில் கையை மாற்றுவாள். அதைப் பார்த்துப் பார்த்தே தவராசாவுக்கு அவள்மேல் ஆசை வந்தது என்று நான் சொல்வேன். இல்லை என்று அவர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். ஒரே மகன் நிஷாந்தன். படித்து முடித்து எர்லாங்கனில் பெரிய கம்பனி ஒன்றில் பொறியியலாளராகப் போய்விட்டான். வீட்டில் இரண்டு பேர் மிச்சம்.

அந்த ஊரில் மூன்று வருடத்துக்கு ஒருதரம் கலைக்காட்சி ஒன்று நடக்கும். கட்டடத்துக்குள் இல்லை, வெளியில். அணையிலும் புல்வெளியிலும் சேற்றிலும். கலைஞர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து நாணலாலும் களிமண்ணாலும் வைக்கோலாலும் ஏதேதோ செய்து வைத்துவிட்டுப் போவார்கள். ஆணி கூடாது, கம்பி கூடாது, வர்ணம் கூடாது. ஊரவர்கள் அதற்குச் சேற்றுக் காட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனாலும் திறப்பு விழாவுக்கு ஒருவர் மிச்சமில்லாமல் வந்துவிடுவார்கள்.

நடத்துகிறவர்கள் இரண்டு பெண்கள். ஹில்கா என்பவர் அதைத் தொடங்கியவர். அறுபது தாண்டிய, நெடுநெடுவென்று உயர்ந்த, முகத்துக்கு நேரே கதைக்கிற மனிசி. மற்றது மிதுசா, பானில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை. தமிழ் கதைப்பாள், ஒவ்வொரு சொல்லையும் கடையில் தெரிந்தெடுப்பதுபோல எடுத்து வைப்பாள். இந்த இரண்டு பேரும் ஒரு விதியைக் கடவுள் வாக்குப்போலக் காத்தார்கள். செய்து வைத்ததை யாரும் திருத்தக் கூடாது. பாதியைக் கலைஞர் செய்கிறார், மீதியைக் கடல் செய்யும் என்பது அவர்கள் கணக்கு. அதைவிட இன்னொன்று, இடையில் வந்து எட்டியும் பார்க்கமாட்டார்கள். கமரா வைக்கவும் ஹில்கா விடமாட்டார். மூன்று வருடம் முடிந்து அடுத்த காட்சி வரும்போதுதான் முந்தினதில் என்ன மிஞ்சிற்று என்று போய்ப் பார்த்து, அதை முதல் ஆளாக ஊருக்குக் காட்டுவார்கள்.

அப்படி ஒரு காட்சிக்காகத்தான் மிதுசா தவராசா வீட்டுக் கதவைத் தட்டினாள். நூறு மீற்றர் நீளத்தில், அணையின் அடியிலிருந்து சேற்றுக்கு நடுவே ஓடுகிற ஓடை மட்டும், ஒரு வேலி வேண்டும். கரை காக்க இல்லை. ஒரு வேலி எப்படி இல்லாமல் போகிறது என்று பார்க்க. கம்பிக்குப் பதில் சணல் கயிறு. தவராசாவுக்கு முதலில் விளங்கவில்லை. விழுவதற்கென்று ஒரு வேலியை யார் அடைப்பார்கள்? குணேஸ்வரிதான் பிள்ளைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, தானும் வருவதாகச் சொன்னாள். முப்பது வருடமாக மனிசன் சேற்றோடு வீட்டுக்கு வருகிறார், அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று தானும் ஒருக்கால் பார்க்க வேண்டுமாம்.

அந்த ஆனி மாதம் மூன்று கிழமை இரண்டு பேரும் லீவு எடுத்தார்கள். சுள்ளி தூக்கித் தர ஊரவர்களும் மாணவர்களும் வந்தார்கள். அமுக்குவது தவராசா, முடிச்சுப் போடுவது குணேஸ்வரி. வேறு யாரையும் அவள் முடிச்சில் தொடவிடவில்லை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, யாருக்கும் மறைக்காமல், இடக்கையால் கயிற்றைச் சுழற்றிச் சுழற்றிக் கட்டினாள். மற்றவர்கள் போடுகிற முடிச்சு ஒரு பக்கம் சாயும் என்றால் அவளுடையது மறுபக்கம் சாயும். வால் நுனியைக் கீழே மடக்கிச் செருகிவிடுவாள். ஐந்நூறுக்கு மேல் முடிச்சு. அந்த வருடம் ஊன்ட்றொப் தேர் அதே கிழமையில் வந்தது. போவோமா என்று தவராசா கேட்டார்.

"அம்பாள் அடுத்த வருசமும் இருப்பா. வேலி இப்ப தான்" என்றாள் அவள்.

அம்பாள் இருந்தாள். அதே வருடம் கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட நடைபாதையில் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குணேஸ்வரி சுவரோடு சாய்ந்து இருந்தாள். அவ்வளவுதான். மூளையில் இரத்தம் கசிந்தது என்றார்கள்.

சாம்பலை வீட்டில் வைத்திருக்க அந்த நாட்டுச் சட்டம் விடாது. கப்பலில் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். எந்த இடம் என்று இலக்கங்கள் எழுதி ஒரு கடதாசி தந்தார்கள். தவராசா அதை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். கடதாசிக்கு முன்னால் நின்று ஒரு மனிசன் எப்படி அழுவான்? அவருக்கென்று இருந்த இடம் அந்த வேலி ஒன்றுதான். அவள் கை பட்டது அது. அவளைக் கொண்டுபோன தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அதைத் தொட்டுவிட்டுப் போகிறது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து மகன் எர்லாங்கனுக்குத் திரும்பின மறுநாள், அவர் அணையில் ஏறிப் பார்த்தார். காற்றுக்கு ஒரு கத்தை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடம் வேலி வருடத்துக்கு வருடம் அடைக்கிற சாமான். ஒரு வளவில் வேலி பிரிந்து கிடந்தால், அந்த வீட்டில் ஆள் இல்லை, கேட்க நாதி இல்லை என்று அர்த்தம். செத்த வீடு நடந்த வீட்டு வேலி அப்படிக் கிடக்க விடலாமா? தவராசாவுக்கு விதி தெரியும். தெரிந்துகொண்டுதான் போனார். வற்றின நேரம் பார்த்து இறங்கி, அந்தக் கத்தையை எடுத்து வைத்து, உக்கின கயிற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கயிற்றால் கட்டினார். இன்றைக்கு இந்த ஒன்று மட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை இன்னொன்று. தை மாதம் பிறந்து, ஊரவர்கள் நத்தார் பண்டிகைக்கு வீட்டில் வைத்த மரங்களைத் தெருவோரம் எறிந்தபோது, அவற்றைப் பொறுக்கி வெட்டிக் கத்தை கட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்து வந்து, சனி ஞாயிறு, பிறகு பென்சன் எடுத்த பிறகு கிழமையில் மூன்று நாள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகும் விடவில்லை. ஓடைப் பக்கத்துக் கடைசிப் பத்து மீற்றர்தான் அவருக்கு ஏலாமல் போயிற்று. அங்கே சேறு இடுப்பு மட்டும் இழுக்கும். அந்தத் துண்டு அவர் கண்ணுக்கு முன்னால் சாய்ந்து, அமிழ்ந்து, ஒரு மாரிக்குள் இல்லாமலே போய்விட்டது. அதை நினைத்து அவர் அழுத அழுகை ஒருவருக்கும் தெரியாது.

மகன் ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பான். தன்னோடு வந்து இருக்கச் சொல்லுவான். வேலி இருக்குது தம்பி என்பார் இவர். எந்த வேலி என்று அவனும் கேட்டதில்லை, தகப்பனுடைய வேலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தான்.

மூன்று வருடம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு மூன்று கிழமை இருக்க, ஹில்காவும் மிதுசாவும் வந்தார்கள். இந்த முறை காட்சியின் நடு விஷயமே அந்த வேலிதான். அது என்ன ஆயிற்று என்று படங்களோடு காட்ட ஒரு கூடாரம் முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். தவராசா முகம் வழித்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு அணையில் காத்து நின்றார். என்ன சொல்வார்களோ என்று பயம் இருந்தது. அதற்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

கடல் வற்றிக்கொண்டு போக, வேலி வெளியில் வந்தது. நேராக, இறுக்கமாக, நேற்று அடைத்ததுபோல.

ஹில்கா செருப்பைக் கழற்றிவிட்டு வேலியோரமாக நடக்கத் தொடங்கினார். மிதுசா அணையிலேயே நின்றாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"மாமா, இதை ஆர் செய்தது?"

"நான் தான் பிள்ளை."

"ஏன் மாமா? உங்களுக்குத் தெரியுந்தானே."

"தெரியும். உங்கட விதி பிழை எண்டு நான் சொல்லேல்ல. ஆனா குணேஸ் கட்டினது பிள்ளை. அவ கட்டினதை விழ விடேலுமோ?"

மிதுசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமா கவலையா என்று அவளுக்கே தெரியாது. பிறகு ஒரு கேள்வி கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை. மாமியை மூன்று கிழமை பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை, அந்த ஆசையில் கேட்டாள்.

"மாமி கட்டின முடிச்சு எது மாமா? எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ."

அதற்கென்ன, வா என்று இறங்கினார் தவராசா. அணையடியில் முதல் கத்தையைக் குனிந்து பார்த்தார். வலக்கை முடிச்சு. தான் கட்டினது. அடுத்ததும் அப்படி. இது கரைப்பக்கம், இங்கேதான் அலை கூடுதலாக அடிக்கும், அங்கால் போவோம் என்றார். இருபதாவது மீற்றரில் பார்த்தார். நாற்பதாவதில் பார்த்தார். முடிச்சுகளை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அறுபதாவது மீற்றரில் அவர் நடையின் வேகம் கூடிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எண்பதாவதில் முழங்காலில் இருந்துவிட்டார்.

ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் வெட்டினார். மற்றதெல்லாம் அவளுடையது என்று நம்பிக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் என்று வெட்டினார். மூன்று வருடத்தில் கைக்கு எட்டின அத்தனையையும் வெட்டி, வெட்டினதைக் கடலில் எறிந்துவிட்டார். கடல் செய்யாததை அவரே தன் கையால் செய்திருக்கிறார்.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார்.

மிதுசா சேற்றில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு, எதற்கு என்று தெரியவில்லை. அவருடைய முதுகில் கையை வைத்தபடி இருந்தாள்.

இதற்குள் ஹில்கா வேலி முடிகிற இடத்தையும் தாண்டிப் போய்விட்டார். கடைசிப் பத்து மீற்றர் இருந்த இடம். அங்கே வேலியும் இல்லை, கட்டையும் இல்லை. சேறு மட்டும் ஒரு நீளமான திட்டாக மேலெழும்பியிருந்தது. அதன்மேல் எங்கள் ஊர் உப்பு நிலத்தில் முளைக்கிற உமரியைப்போல ஒரு செடி, சின்ன விரல் உயரத்தில், பச்சையாக வரிசை கட்டி நின்றது. அந்த மனிசி தொடை மட்டும் இறங்கிக் குனிந்து, கைகள் இரண்டையும் தோள்வரை சேற்றுக்குள் விட்டுத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து தவராசாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இங்கே வா, கீழே கயிறு இருக்கிறது என்றார். காற்றுப் படாத சேறு கயிற்றை உக்க விடாது. அது தவராசாவுக்கும் தெரிந்த விஷயம்தான். முப்பத்தொரு வருடம் தெரிந்த விஷயம்.

அந்த முழங்காலோடு அங்கே போகக் கூடாது. போனார். ஒரு பக்கம் ஹில்கா, மறுபக்கம் மிதுசா, இரண்டு பேரும் அவருடைய இரண்டு புஜத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கையைச் சேற்றுக்குள் விட்டார். குளிர்ந்தது. சுள்ளிகள் தட்டுப்பட்டன. பிறகு கயிறு. கண்ணால் பார்க்க வழியில்லை. விரலால்தான் பார்த்தார். முடிச்சு மறுபக்கம் சாய்ந்திருந்தது. வால் நுனி கீழே மடங்கிச் செருகியிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஓடையில் தண்ணீர் திரும்பி உள்ளே வரத் தொடங்கிவிட்டது. மிதுசா மெதுவாகக் கேட்டாள்.

"வெட்டி எடுப்பமோ மாமா? ஒண்டை மட்டும். நீங்கள் வீட்டை வச்சிருக்கலாம்."

ஒன்றை மட்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் தவராசா கையை வெளியில் எடுத்துவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை. கிடக்கட்டும். நான் தொட்டா அதுவும் போயிடும்."

அன்று பின்னேரம் வீட்டில் சமையலறை மேசையில் மிஞ்சிய கயிற்றை வைத்துக்கொண்டு, இடக்கையால் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. பத்துப் பதினைந்து தரம் பார்த்தார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து அவள் கட்டுவதைப் பார்த்தும் அவருக்கு அது வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக் குப்பைப் பெட்டியில் போட்டார்.

காட்சி நடந்தது. கூடாரத்தைக் குலைக்கவில்லை. என்ன எழுதுவது என்று ஹில்காவும் மிதுசாவும் இரண்டு நாள் வாக்குவாதப்பட்டார்கள். ஹில்காவுக்கு விதி உடைந்தது உடைந்ததுதான், அதை மூடி மறைக்கவும் அவருக்கு விருப்பமில்லை. கடைசியில் தவராசாவையே கேட்டார்கள். அவர் சொன்னதையே யேர்மனிலும் தமிழிலும் பலகையில் எழுதி அணையடியில் நட்டார்கள். இந்த வேலியில் தொண்ணூறு மீற்றர் தவராசா கட்டினது. அதற்கு அங்கால் பத்து மீற்றர் குணேஸ்வரி கட்டினது.

சனம் வந்தது. வேலியோரமாக நடந்து அது முடிகிற இடத்துக்குப் போய், அங்கால் ஒன்றையும் காணாமல், பலகை பிழை என்று சொல்லிக்கொண்டு திரும்பினவர்கள்தான் கூடுதல். சில பேர் கொஞ்ச நேரம் நின்று அந்தப் பச்சைச் செடியைப் பார்த்தார்கள். தவராசா அணையில் கதிரை போட்டு இருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

அவர் செய்தது பிழை என்று அந்த நாட்களில் ஊரில் பலரும் கதைத்தார்கள். சொல்லட்டும். செத்துப்போன மனிசி கட்டின வேலியைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கிற மனிசனை எனக்குப் பிடிக்காது. பிழை என்றாலும் அது பாசத்தில் விட்ட பிழை. அதற்கு அவருக்குக் கிடைத்த தண்டனை போதும், காணும்.

ஐப்பசியில் முதல் புயல் வந்தது. காலையில் அணையில் ஏறிப் பார்த்தபோது நடுவில் நாலு கத்தை கழன்று போயிருந்தன. அவருடைய காற்சட்டைப் பையில் கத்தி இருந்தது. பழக்கத்தில் கை அதைத் தடவியது. கடல் நன்றாக வற்றியிருந்தது, இறங்கினால் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை. அவர் இறங்கவில்லை. குளிர் கையை விறைக்கப் பண்ணும் மட்டும் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நிஷாந்தன் ரெலிபோன் எடுத்தான். வேலியின் கதை இப்போது அவனுக்கும் தெரியும். புயலைப் பற்றிச் செய்தியில் பார்த்தானாம்.

"வேலி நிக்குதோ அப்பா?"

தவராசா யன்னல் பக்கம் பார்த்தார். வெளியில் காற்று இன்னும் அடங்கவில்லை.

"என்ர பக்கம் விழுகுது தம்பி" என்றார். "கொம்மாவின்ர பக்கம் கிடக்குது."